கடவுச்சொல்லில் இருந்து வலுவான திறவுகோல்: கணினியில் உள்ள சாட்சியங்களைக் காப்பது எப்படி?

காணாமல் ஆக்கப்பட்டோரின் புகைப்படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், முறைப்பாட்டுக் கடிதங்கள், உறவுகளின் வாக்குமூலங்கள் என்பன இன்று பலரது மடிக்கணினிகளிலும் பென் டிரைவ்களிலும் இருக்கின்றன. இக்கருவிகள் களவு போகலாம், பறித்துச் செல்லப்படலாம். ஆகவே கோப்புகளைக் குறியாக்கம் செய்து வைப்பது அவசியமாகிறது.

ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறைக்கு 256 பிட் நீளமான திறவுகோல் தேவை. அதனை மனனம் செய்வது மிகவும் கடினம். எனவே நாம் கொடுக்கும் கடவுச்சொல்லில் இருந்தே கணினி அதனை உருவாக்குகிறது. உடைக்க முயல்பவர் திறவுகோலுடன் மோதமாட்டார், கடவுச்சொல்லையே ஊகிப்பார். பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர்ப்பெயர் என்பனவே முதலில் சோதிக்கப்படும்.

இதற்கு எதிரான இரு தடைகளை ரொபர்ட் மொரிஸ், கென் தொம்சன் ஆகியோர் 1979இல் யுனிக்ஸ் முறைமைக்காக விளக்கினர். முதலாவது 'உப்பு'. கடவுச்சொல்லுடன் ஓர் எழுமாறான எண் சேர்க்கப்படுவதால், முன்கூட்டியே கணித்து வைத்த பட்டியல்கள் பயனற்றுப் போகின்றன. இரண்டாவது தாமதம். ஒரே கணிப்பு திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. அன்று 25 தடவைகள். 2000இல் வெளியான பிபிகேடிஎஃப்2 முறைக்குக் குறைந்தது 1,000. இன்று அதே முறைக்கு 600,000 பரிந்துரைக்கப்படுகிறது. உரியவருக்கு அது ஓரிரு கணத் தாமதம் மட்டுமே. ஊகிப்பவரோ ஒவ்வோர் ஊகத்துக்கும் அந்த விலையைச் செலுத்த வேண்டும். 2009இல் வந்த எஸ்கிரிப்ட், 2015இல் போட்டியொன்றில் தெரிவான ஆர்கன்2 ஆகியவை அதிக நினைவகத்தையும் கோருவதால், பல ஊகங்களை ஒரே நேரத்தில் சோதிப்பது மேலும் கடினமாகிறது. கீபாஸ்எக்ஸ்சி போன்ற மென்பொருள்களில் ஆர்கன்2ஐத் தெரிவு செய்யலாம்.

ஆனால் 600,000 தடவைகள் தரும் மேலதிக பலம் ஏறத்தாழ 19 பிட் மட்டுமே. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் இருந்து தாயக்கட்டை உருட்டி எடுக்கும் ஒரு சொல் ஏறத்தாழ 13 பிட் தரும். அதாவது இரண்டு சொற்கள் அந்தத் தாமதத்தை விடப் பெறுமதியானவை. அவ்வாறு எடுத்த ஆறு சொற்களை வரிசையாகப் பயன்படுத்துங்கள். குறள், பாடல் வரி, பழமொழி வேண்டாம்; அவை ஏற்கனவே ஊகிப்போரின் பட்டியலில் இருக்கக்கூடும்.

திறந்த நிலையில் உள்ள கணினியைக் குறியாக்கம் காக்காது. கடவுச்சொல்லை மறந்தால் மென்பொருளை உருவாக்கியவராலும் மீட்க முடியாது. ஆதலால் அதனைத் தாளில் எழுதி, கணினி இருக்கும் வீட்டில் அல்லாமல், நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். பூட்டியவர் இல்லாத நாளிலும் சாட்சியம் திறக்கப்பட வேண்டும்.