துபாஷி தேடிய யந்திரம்

பழைய சென்னையில் துரைமார்களுக்கும் வணிகர்களுக்கும் இடையே துபாஷி நிற்பார். அவர் இல்லையேல் இரு சாராரும் எதிரெதிர் நின்றும் ஊமைகளே. கணிப்பொறிக்கும் அதனோடு பொருத்தும் கருவிக்கும் இடையிலும் அத்தகைய துபாஷி ஒருவர் உண்டு; அவர் பெயர் டிரைவர். பெங்களூரில் லினக்ஸ் கணிப்பொறியைக் கொண்டு தொலைக்காட்சியைப் பதிவு செய்ய முயன்ற வரலாறு, பெரிதும் அந்தத் துபாஷியைத் தேடிய வரலாறேயாகும்.

பெங்களூரில் தூர்தர்ஷன் நிலையம் 1981-இல் தோன்றியது. மறு ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தபோது, நம் நாடு மேற்கொண்டது 'பால்' முறை. இதில் படத்திற்கு 625 கோடுகள். வினாடிக்கு 25 படங்கள். அமெரிக்க முறையிலோ 525 கோடுகள். ஏறத்தாழ 30 படங்கள். ஒலியும் இங்கே படத்தின் அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும், அங்கே 4.5.

1990-களின் பிற்பகுதியில் ஆலன் காக்ஸ் முதலியோர் லினக்ஸில் தொலைக்காட்சிக்கு வழி வகுத்தனர். அக்காலத்து அட்டைகள் பலவற்றில் புரூக்ட்ரீ நிறுவனத்தின் ஒரே சில்லு இருந்தது. ஆயின் நிலையத்தைப் பிடிக்கும் டியூனரும், ஒலி செல்லும் வழியும் அட்டைக்கு அட்டை வேறுபட்டன. மலிவான அட்டைகள் தம் பெயரைக்கூடச் சொல்லா. ஆகவே அட்டைக்கோர் எண்ணும் டியூனருக்கோர் எண்ணும் நாமே துபாஷியிடம் கூற வேண்டியிருந்தது.

குறிகளைக் கொண்டே நோயை அறியலாம். நிலையமே கிட்டாவிடில் டியூனர் எண்ணை ஐயுறுக. படம் உருண்டோடினாலும் நிறம் இழந்தாலும் ஒளிபரப்பு முறை தவறு. படம் தெளிவாயிருக்க இரைச்சல் மட்டும் கேட்டால், ஒலியை வேறு நாட்டு இடத்தில் தேடுகிறோம் என்று பொருள். ஓசையே இல்லையேல் அட்டை எண்ணை மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

நாமும் ஒருமுறை கச்சேரி ஒன்றை முழுவதும் ஊமையாகப் பதிவு செய்தோம். பாடகரின் வாய் அசைந்தது, பாட்டு இல்லை. அட்டை பழுதென்று கடைக்காரரைக் கடிந்துகொண்டோம். எண்ணை மாற்றியதும் அதே அட்டை பேசிற்று. போன கச்சேரி திரும்பவில்லை.

இத்தகைய இழப்புகளிலிருந்துதான் அறிவு திரண்டது. தம் அட்டைக்கு ஏற்ற எண்ணைக் கண்டவர்கள் அதை எழுதி அனுப்பினர். பட்டியல் நூற்றைம்பதுக்கு மேல் வளர்ந்தது. 2001 முதல் பெங்களூரில் லினக்ஸ் மாநாடுகள் கூடின. 2005-இல் ஆலன் காக்ஸே இங்கு வந்து உரையாற்றினார்.

2013-இல் பெங்களூர்க் கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாறவே, பழைய டியூனர்களுக்கு அங்கே வேலையற்றுப் போயிற்று. ஆயினும் கருவி புதிதானாலும் முதற்கேள்வி மாறவில்லை: பழுதென்று தூற்றுமுன், அதன் பெயரைக் கேட்டோமா?