காட்ஸில்லா: உருவம் பிறந்த வரலாறு

காட்ஸில்லா (ஜப்பானிய வழக்கில் கோஜிரா) 1954 நவம்பர் 3 அன்று வெளியான தோஹோ நிறுவனப் படத்தில் அறிமுகமான பூத விலங்கு. கொரில்லா, திமிங்கிலம் இரண்டுக்குமான ஜப்பானியச் சொற்களை இணைத்து இப்பெயர் சூட்டப்பட்டது.

அவ்வாண்டு மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், சூரை பிடிக்கப் போயிருந்த ஜப்பானியப் படகொன்றின் 23 பேர் மீதும் கொட்டியது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். இஷிரோ ஹோண்டா இயக்கிய படமும் கண்ணைப் பறிக்கும் ஒளியில் எரியும் கப்பலோடுதான் தொடங்குகிறது.

அணுகுண்டுப் புகைக் காளானைப் போலத் தலை வரைந்த முதல் ஓவியம் ஏற்கப்படவில்லை. கலை இயக்குநர் அகிரா வதனாபே, டைரனோசரஸ், இகுவானோடான் உடலமைப்புகளைக் கலந்து, ஸ்டெகோசரஸின் முதுகுத் தகடுகளைப் பொருத்தினார். சிற்பி தெய்சோ தொஷிமிட்சு களிமண்ணில் செதில் வைத்துப் பார்த்தார். மருக்கள் வைத்துப் பார்த்தார். கடைசியில் நிலைத்தது கரடுமுரடாக முறுக்கேறிய தோல். ஹிரோஷிமாவில் பிழைத்தவர்களின் முதுகிலும் கையிலும் தடித்துக் கிடந்த தீத்தழும்புகளை ஜப்பானியர் அதில் உடனே கண்டுகொண்டிருப்பார்கள். இவ்வுருவின் உயிர்நாடியே அந்தத் தோல்தான். நம்மை நடுங்க வைக்கும் அந்த விலங்கும் குண்டில் வெந்த ஓர் உயிர்.

'கிங் காங்' (1933) போலப் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுக்கவே தந்திரக்காட்சி இயக்குநர் எய்ஜி சுபுராயா ஆசைப்பட்டார். அதற்குக் காலமோ பணமோ இல்லாததால் ஆளுக்கு உடை மாட்டும் முறை வந்தது. மூங்கிலும் கம்பியும் கட்டி ரப்பர் பூசிய முதல் உடை ஏறத்தாழ 100 கிலோ. உள்ளே இருந்த ஹருவோ நகஜிமாவால் அதிக தூரம் நடக்க முடியவில்லை. பின்னர் அதை இரண்டாக வெட்டி, கால்களை மட்டும் காட்டும் காட்சிகளுக்குப் பயன்படுத்தினார்கள். விலங்குகளின் நடையைப் பார்க்க நகஜிமா மிருகக்காட்சிசாலைக்கே போனார். விளக்குச் சூட்டில் நடித்துவிட்டு வந்தால் பனியனைப் பிழிந்து வியர்வையை வடிப்பார். கர்ஜனையை உருவாக்கியவர் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே: பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் தந்தியை உரசி எடுத்த ஒலி அது.

பிந்தைய படங்களில் காட்ஸில்லா உலகைக் காக்கும் நாயகனானது; சிறுவர்களுக்காக அதன் கண்கள் பெரிதாயின, அச்சம் போய்விட்டது. 1998இன் ஹாலிவுட் உருவம் வேகமாக ஓடும் பெரும்பல்லி, அவ்வளவே. 2016இன் 'ஷின் கோஜிரா' மீண்டும் தோலுக்குத் திரும்பியது: கருகிய வெடிப்புகளுக்குள் சிவந்த சதை. தகாஷி யமசாகி இயக்கி, காட்சித் தந்திரங்களுக்காக ஆஸ்கர் பெற்ற 2023 படத்திலோ, காட்ஸில்லா கக்கும் வெப்பக் கதிர் அதன் உடலையே பொசுக்குகிறது.