மாமாவோட ஹெரால்டும் தொப்பூர் இறக்கமும்

எங்க மாமாகிட்ட ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்துச்சு. தர்மபுரியிலேர்ந்து சேலம் போறப்ப மத்த இடத்துல எல்லாம் நல்லாத்தான் ஓட்டுவார். தொப்பூர் கணவாய் இறக்கம் வந்துட்டா மட்டும் மாட்டுவண்டி வேகம். பின்னாடி லாரிக்காரங்க ஹாரன் அடிச்சே காதைக் கிழிப்பாங்க. நாங்க பின் சீட்டுல சிரிப்போம். "சிரிங்கடா... வளைவுல சட்டுனு காலை எடுத்தா இவளுக்குக் கோவம் வரும்"னு சொல்வார். குடும்பத்துல அவருக்கு பயந்தாங்கொள்ளின்னே பேரு.

மாமா இப்ப இல்லை. வண்டி என்கிட்ட வந்திருக்கு. போன மாசம் அதோட பின் சஸ்பென்ஷனைப் பிரிச்சப்பதான் அவர் சொன்னது புரிஞ்சுது. அதான் இந்தக் கொசுவர்த்தி.

ஹெரால்டு பொறந்தது 1959-ல், இங்கிலாந்துல. டிரையம்ப் கம்பெனி வண்டி. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. தனி சேஸி, அதுமேல போல்ட் போட்டு முடுக்குற பாடி. அதனால பிரிச்சு பெட்டியில அனுப்பி வேற நாட்டுல கோக்கறது சுலபம். 1961-ல் சென்னையில ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் இதை ஆரம்பிச்சாங்க. தர்மபுரி அப்ப சேலம் மாவட்டம்தான். தனி மாவட்டமானது 1965-ல். அந்த சேஸியை அடிப்படையா வச்சு 1962-ல் டிரையம்ப் கொண்டுவந்ததுதான் ஸ்பிட்ஃபயர். ஆக, எங்க மாமா ஓட்டினது ஸ்போர்ட்ஸ் காரோட பின்பக்கம் :-)

அந்தப் பின்பக்கம் எப்படின்னா, டிஃபரன்ஷியல் மேல குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்ப்ரிங். ரெண்டு பக்கமும் ஆக்சில், உள்பக்கம் மட்டும் யூ-ஜாயின்ட். சக்கரம் மேல கீழ போறப்ப, பறவை இறக்கை ஆட்டுற மாதிரி சாயும். வளைவுல பயந்து ஆக்சிலரேட்டரை விட்டா வண்டியோட பின்பக்கம் தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ள மடங்கும், பிடிப்பு போயிடும். ஹெரால்டை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கும் இதே குணம்தான்.

இதுக்கு ரெண்டு ஊரும் ரெண்டு விதமா வைத்தியம் பார்த்தாங்க. 1970-ல் ஸ்பிட்ஃபயர் நாலாவது மாடலுக்கு டிரையம்ப் பட்டையை மாத்துச்சு. ஒரே ஒரு பட்டையை இறுக்கிட்டு, மத்ததை நடுவுல ஆட விட்டாங்க. சென்னைக்காரங்க 1972-ல் கொண்டுவந்த கேஸல்ல அந்த ஏற்பாட்டையே எடுத்துட்டு, அம்பாசடர் மாதிரி ஒரே ஆக்சில் போட்டுட்டாங்க. நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் வாங்கறவங்களுக்கும் பழசு ஒத்துவரலை. புத்தகப்படி இது பின்னோக்கிப் போற மாற்றம். நம்ம ரோட்டுக்கும் பட்டறைக்கும் அதுதான் சரி. கேஸல் 1977-ல் நின்னு போச்சு.

சரி, மாமா வண்டிக்கு வருவோம். பட்டை தளர்ந்து பின் சக்கரங்க காலை அகட்டி நிக்குது. டயர் உள்ஓரம் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கு. ரேடியஸ் ஆர்ம் புஷ்ஷெல்லாம் பொடிப்பொடியா உதிருது. பின் சீட்டைக் கழட்டினாத்தான் டிஃபரன்ஷியல் மேல இருக்கற நட்டுக்குக் கை எட்டும். ஜாக்கி கொடுத்து, ஷாக் அப்சர்பரைக் கழட்டி, பட்டையைப் பக்கவாட்டுல உருவினோம். இங்கிலாந்துல ஸ்பிட்ஃபயரை இன்னும் ஆசையா ஓட்டறதால புஷ்ஷும் யூ-ஜாயின்ட்டும் புதுசாவே கிடைச்சுது. பட்டையை மட்டும் சேலம் ரோட்டுல லாரி பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"நல்லா வில்லு மாதிரி ஏத்தித் தட்டிடறேன் தம்பி"ன்னார் பட்டறை அண்ணன்.

"வேண்டாங்கண்ணா, ஏத்தினா ஆபத்து"ன்னேன். பின்பக்கம் உசரமா நின்னா சக்கரம் இன்னும் சீக்கிரம் உள்ள மடங்கும். லாரியில நல்லது, இங்க கெட்டது. அளவு பார்த்துத் தட்டிக் கொடுத்தார்.

ஞாயித்துக்கிழமை தொப்பூர் இறங்கினேன். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, கியரை இறக்கி, வளைவுக்குள்ள காலை எடுக்காம... யோசிச்சுப் பார்த்தா மாமா செஞ்சது அச்சு அசல் இதேதான். அவர் பயப்படலை மக்களே. வண்டியைத் தெரிஞ்சு வச்சிருந்தார்.

பின்னாடி ஒரு லாரி விடாம ஹாரன் அடிச்சுது. அடிக்கட்டும்னு விட்டுட்டேன்.