வெள்ளி மாஸில் விந்தணுவின் பயணம்: ஒரு சோதனையின் மறுவாசிப்பு

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரையம் அர்ஜென்டியம் என்னும் வெள்ளி மாஸைக் கொண்டு செய்த சோதனை 2006இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. அதன்பின், கொலெம்போலாக்கள், மண்வாழ் உண்ணிகள் ஆகிய நுண்கணுக்காலிகளை மாஸ்களின் ‘மகரந்தச் சேர்க்கையாளர்கள்’ என்று குறிப்பது வழக்கமாகிவிட்டது. மாஸ் கருவுற நீர் இன்றியமையாதது என்ற பழைய பாடமே இதனால் கவிழ்ந்துவிட்டதாகவும் ஒரு சாரார் எழுதிவருகின்றனர். சோதனையின் முடிவுகளை இக்கட்டுரை முழுமையாக ஏற்கிறது. அவற்றின்மேல் ஏற்றப்பட்ட பொருளையே மறுக்கிறது.

சோதனையின் அமைப்பை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆண் திட்டுகளும் பெண் திட்டுகளும் ஜிப்சம் தளத்தின்மேல் மூன்று விதமாக வைக்கப்பட்டன: ஒன்றையொன்று தொட்டபடி, 2 செ.மீ. இடைவெளியில், 4 செ.மீ. இடைவெளியில். நீரை உறிஞ்சும் தளம் என்பதால் திட்டுகளுக்கு இடையே நீர்ப்படலம் தொடரவில்லை. விலங்குகள் இல்லாத தட்டுகளில், தொட்டுக்கொண்டிருந்த திட்டுகளில் மட்டுமே ஸ்போரோஃபைட் தோன்றியது. விலங்குகளை விட்ட தட்டுகளில் இடைவெளியைத் தாண்டியும் தோன்றியது. கொலெம்போலாக்கள் உண்ணிகளைவிடத் திறமையாகச் செயல்பட்டன. இரண்டுமே மலட்டுத் தளிர்களைவிட வளமான தளிர்களையே நாடின.

இதிலிருந்து உறுதியாகப் பெறக்கூடியது ஒன்றுதான்: நீர்ப்படலம் அறுபட்ட சில செ.மீ. தூரத்தை விந்தணு விலங்கின் உடலில் ஏறிக் கடக்கிறது. ஆனால், ஆந்தரிடியம் வெடிக்க ஈரம் வேண்டும். இரு கசையிழைகளைக் கொண்ட விந்தணு ஆர்க்கிகோனியத்தின் கழுத்து வழியே முட்டையை அடைய நீரில் நீந்தியே ஆக வேண்டும். பயணத்தின் தொடக்கமும் முடிவும் நீரிலேயே இருக்க, நடுவழியை மட்டுமே விலங்கு ஏற்கிறது. ஆகவே விலங்கு தொலைவுக்கு மாற்று, நீருக்கு மாற்று அன்று. உலர்ந்த மகரந்தத்தைச் சுமக்கும் தேனீயோடு இதை ஒப்பிடுவது இந்த வேறுபாட்டை அடியோடு மறைத்துவிடுகிறது.

செரட்டோடன் பர்பூரியஸ் என்னும் மாஸைப் பற்றி 2012இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டு. பெண் தாவரங்களின் மணம் கொலெம்போலாக்களைக் கூடுதலாக ஈர்ப்பதை அது காட்டியது. ஆனால் அதே ஆய்வில், நீர் தெளிக்கப்பட்டபோதும் நுண்கணுக்காலிகள் கருவுறுதலை உயர்த்தின. நீரும் விலங்கும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல, சேர்ந்தே இயங்குகின்றன என்ற நம் வாசிப்புக்கே அது வலுச்சேர்க்கிறது. ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் சுமார் 41 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கொலெம்போலாப் புதைபடிவம் கிடைத்திருப்பதால் இவ்வுறவு மிகப் பழையது என்ற வாதத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. விலங்கு இருந்தது என்பது உறவு இருந்ததற்குச் சான்றாகாது.

விலங்கு தொலைவுக்கு மட்டுமே மாற்று என்பதன் விளைவு களத்தில் பெரிது. வெள்ளி மாஸில் ஆணும் பெண்ணும் தனித்தனித் தாவரங்கள். பல இடங்களில் பெண்களே மிகுதி. நடைபாதையின் சிமெண்ட் இடுக்கில் வளரும் ஒரு திட்டு முழுவதும் ஒரே பெண் குளோனாக இருக்கலாம். அருகில் ஆண் இல்லையெனில் எத்தனை கொலெம்போலாக்கள் ஊர்ந்தாலும், செந்நிறம் கொண்டு தலைகவிழ்ந்து தொங்கும் காப்சூல் அங்கே தோன்றப்போவதில்லை. அத்தகைய திட்டுகள் உதிரும் தளிர் நுனிகளாலும் இலைக்கக்கச் சிறுமொட்டுகளாலுமே பரவுகின்றன. நகரத் தெருக்களிலிருந்து அண்டார்க்டிகா வரை இவ்வினம் பரவியிருப்பதில் பாலிலா இனப்பெருக்கத்தின் பங்கு பெரிது என்றே கருதுகிறேன்.

செ.மீ. அளவில் கிடைத்த முடிவை நிலப்பரப்பு அளவுக்கு நீட்டும் உரிமையை 2006ஆம் ஆண்டுச் சோதனை நமக்குத் தரவில்லை. காப்சூல் இல்லாத திட்டைக் கண்டால் விலங்குகளை எண்ணும் முன், மிக அருகிலுள்ள ஆண் திட்டு எத்தனை செ.மீ. தொலைவில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த அளவு இல்லாத கள ஆய்வு, விலங்குகளின் பங்கைப் பற்றி எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல இயலாது.