கேம் செயின் டென்ஷனர்: கைத் திருகிலிருந்து தானியங்கிக்கு

கேம் செயின் டென்ஷனர் என்பது நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை ஓட்டும் சங்கிலி தளர்ந்துவிடாமல் பிடித்து வைக்கும் சிறு கருவியாகும். முற்காலத்தில் பல வண்டிகளில் இதை அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. பின்னர் தானே சரிசெய்துகொள்ளும் வகை வந்தது. பழைய வண்டிகளில் கைவகையைக் கழற்றிவிட்டுத் தானியங்கி வகையைப் பொருத்தும் வழக்கமும் உண்டு.

தேவை

கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது கேம் தண்டு சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது கேம் செயின். ஓடி ஓடிச் "செயின் நீண்டுவிட்டது" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசியும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழை அளவே தேய்ந்தாலும், எல்லாக் கண்ணிகளும் சேரும்போது கண்ணுக்குத் தெரியும் தளர்வாகிவிடுகிறது.

தளர்ந்த சங்கிலி முதலில் கலகலவென ஒலி எழுப்பும். பிறகு வால்வு திறக்கும் நேரம் தவறி, வண்டியின் இழுவை குறையும். சங்கிலி பல்சக்கரத்தில் ஒன்றிரண்டு பற்களைத் தாண்டிவிட்டால், பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலேறி வந்து திறந்திருக்கும் வால்வை இடித்துவிடும். அதன்பின் செலவு டென்ஷனரோடு நிற்பதில்லை.

தொடக்க வரலாறு

1920களின் இறுதியில் இங்கிலாந்தின் ஏ.ஜே.எஸ். நிறுவனம் சங்கிலியால் ஓடும் மேல் கேம் கொண்ட பந்தய வண்டிகளைச் செய்தது. அவற்றில் 'வெல்லர்' எனப்படும் வில் போன்ற எஃகுப் பட்டை சங்கிலியை இறுக்கிப் பிடித்தது. 1948இல் வந்த ஏ.ஜே.எஸ். 7ஆர் வண்டியிலும் இம்முறை தொடர்ந்தது. அதே காலத்தில் நார்டனும் வெலோசெட்டும் சங்கிலியைத் தவிர்த்து, நிமிர்ந்த தண்டையும் சாய்பற்சக்கரங்களையும் பயன்படுத்தின. ஜெர்மனியின் என்.எஸ்.யு. மேக்ஸ் (1952) வண்டியில் சிறு இணைப்புக் கோல்களே அவ்வேலையைச் செய்தன. சங்கிலியின் தளர்வு அன்றைய பொறியாளர்களுக்கு எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்பதை இம்மாற்று வழிகள் காட்டுகின்றன.

விலை குறைந்த சங்கிலி முறையைப் பெருவாரியாக்கியவர்கள் ஜப்பானியர். ஹோண்டா சிபி750 (1969), கவாசாகி இசட்1 (1972) ஆகியவற்றில் வில்லும் பூட்டுத் திருகும் சேர்ந்த டென்ஷனர் இருந்தது. திருகைத் தளர்த்தினால் வில் தானே தளர்வை எடுத்துக்கொள்ளும். மீண்டும் திருகை இறுக்கிப் பூட்ட வேண்டும். மறந்தால் சங்கிலி தளர்ந்தபடியே ஓடும். 1970களின் இறுதியிலும் 1980களிலும் இவ்வேலையை மனிதக் கையிலிருந்து எடுத்துக்கொண்ட தானியங்கி வகைகள் பரவின.

தானியங்கி வகைகள் மூன்று. முதல் வகையில் ஒரு கோல் பற்பற்றாக முன்னேறும், பின்வாங்காது. இரண்டாம் வகையில் சுருள்வில் ஒரு திருகைச் சுழற்றிக் கோலை முன்தள்ளும். மூன்றாம் வகையில் வில்லோடு எண்ணெய் அழுத்தமும் துணை நிற்கும்.

இந்தியாவில்

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்தது. புல்லட்டில் கேம் சங்கிலியே கிடையாது. கேம்கள் கீழே பல்சக்கரங்களால் சுழல, புஷ்ராடுகள் மேலே வால்வுகளை அசைக்கும். மைசூரில் உருவான ஜாவா, எஸ்டி வண்டிகளும், ராஜ்தூத்தும் இரண்டு ஸ்ட்ரோக் வகை. அவற்றில் வால்வும் இல்லை, கேமும் இல்லை. எனவே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கேம் சங்கிலியைப் பெரிதாகக் காணாமலேயே தொழில் செய்தனர். புல்லட்டின் கிளட்ச்சை ஓட்டும் பிரைமரி செயினைக் கையால் இறுக்குவதே அவர்கள் அறிந்த டென்ஷனர் வேலை.

1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்ததும் நிலை மாறியது. அதன் 97 சிசி எஞ்சினில் மேல் கேமும், சங்கிலியும், வில்லும் எண்ணெயும் சேர்ந்த தானியங்கி டென்ஷனரும் இருந்தன. பெட்ரோலை நிரப்பி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்பது அவ்வண்டியின் விளம்பரம். 2001இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் விக்டர் வந்தது. கோயம்புத்தூரின் எல்.ஜி.பி. போன்ற நிறுவனங்கள் சங்கிலிகளை உள்நாட்டிலேயே செய்து தந்தன.

பழைய வண்டியில் பொருத்துதல்

தானியங்கி வகையைப் பொருத்துமுன் பிஸ்டனை அமுக்க ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்த வேண்டும். டென்ஷனர் கழன்றிருக்கும்போது எஞ்சினைச் சுழற்றக் கூடாது, சங்கிலி பல் தாண்டிவிடும். புதிய டென்ஷனரின் கோலை முழுவதும் உள்ளே தள்ளிப் பூட்டிய நிலையில் பொருத்தி, போல்ட்டுகளை இறுக்கிய பிறகே விடுவிக்க வேண்டும். கோல் நீண்ட நிலையிலேயே போல்ட்டை இறுக்கினால் வழிகாட்டிப் பட்டை முறியக்கூடும். பின்னர் கிராங்க் தண்டைக் கையால் இரண்டு சுற்று மெதுவாகச் சுழற்றி, நேரக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன்பின்னரே கிக்கர்.

தேய்ந்த சங்கிலிக்கு டென்ஷனர் மருந்தாகாது. கோல் தன் நீளத்தின் எல்லைக்கு வரும்வரை ஒலியை அடக்கும், அவ்வளவே. பற்பற்றாக முன்னேறும் வகை சில சமயம் ஒரு பல் கூடுதலாக ஏறிச் சங்கிலியை மிகையாக இறுக்குவதும் உண்டு. அதனால் பந்தயக்காரர்களில் சிலர் இன்றும் கைவகைக்கே திரும்புகின்றனர்.

கடற்கரை நிலை

தூத்துக்குடி போன்ற துறைமுக, உப்பள ஊர்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அலுமினிய உடலில் எஃகுத் திருகு இருந்தால், உப்புக் காற்றில் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் தொடாத பூட்டுத் திருகை ஸ்பேனரால் திருப்பினால் தலை முறிந்து வரலாம். எண்ணெயில் நனைந்து உள்ளேயே இயங்கும் தானியங்கிக்கு இத்தொல்லை குறைவு.

சட்டமும் பழமையும்

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்பட்டு, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளையே 'விண்டேஜ்' எனப் பதிவு செய்ய இடமளிக்கின்றன. கழற்றிய பழைய டென்ஷனரைத் தூக்கி எறியாமல் எண்ணெய் பூசிப் பாதுகாப்பதே பழவண்டி வைத்திருப்போருக்கு நன்று. முதல் சிடி100 வண்டிகள் இந்த 50 ஆண்டு எல்லையை 2035இல் எட்டும். அவற்றின் சங்கிலியைக் காக்கத் தானியங்கி உண்டு. ஆனால் அந்தக் கலகல ஒலியைக் கேட்டு அடையாளம் காண ஒரு மனிதச் செவி அப்போதும் தேவைப்படும்.