முக்காற்புள்ளிக்குப் பின்னால் குவைத்

1665இல் லண்டனில் தொடங்கிய ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழில் பல தலைப்புகள் ‘இன்னதைப் பற்றிய விவரம்’ என்றே இருக்கும். முக்காற்புள்ளி மோகம் பிறகு வந்தது: முன்னால் உருவகம், பின்னால் பொருளும் இடமும். ஜே. டி. டில்லன் 1981இல் இதையே ஆராய்ந்தார். அவர் தலைப்பிலும் முக்காற்புள்ளி உண்டு!

வளைகுடா ஆய்வுகளுக்கு இந்த அச்சு வசதியாகப் பொருந்திவிட்டது. மானுடவியலாளர் லாங்வாவின் 1997 நூலைத் தமிழில் சொன்னால், ‘மணல்மேல் கட்டிய சுவர்கள்: குவைத்தில் குடிபெயர்வு, விலக்கல், சமூகம்’. கார்ட்னரின் பஹ்ரைன் நூல் (2010) ‘அந்நியர்களின் நகரம்’. நேஹா வோராவின் துபாய் நூல் (2013) ‘சாத்தியமற்ற குடிமக்கள்’. நல்ல நூல்கள்தான். ஆங்கிலத்தில் கடைசியில் நிற்கும் குவைத், தமிழில் முக்காற்புள்ளியைத் தாண்டியதும் முன்னே வந்துவிடுகிறது. வினைமுற்று எதிலும் இல்லை. யார் விலக்கினார்கள் என்று தலைப்பு சொல்ல வேண்டியதில்லை, ‘விலக்கல்’ போதும்.

2024 ஜூன் 12 அதிகாலை மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்; அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். அதை ஆங்கிலத்தில் எழுத உட்காரும் நம் பிள்ளைகளுக்கு நெருப்பு, சாம்பல், கூடு என்று உருவகம் உடனே கிடைத்துவிடும். யார், எத்தனை பேரை, எப்படித் தங்கவைத்தார்கள் என்று வினைமுற்றோடு தலைப்பு வைத்தால் எந்த ஆய்விதழ் ஏற்கும்?