சிறுபான்மையினரின் உடலியக்கம்: செஞ்சி வட்டாரம்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டாரத்தில் சிறு எண்ணிக்கையில் வாழும் சமூகங்களில் பழங்குடி இருளர், தமிழ்ச் சமணர், முஸ்லிம்கள் குறிப்பிடத்தக்கவர்கள். இச்சமூகங்களின் பெரியவர்கள் உடலை இயக்கி வாழத் துணை நிற்பவை எவை, தடுப்பவை எவை என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

வீட்டு வேலை, கூலி வேலை, நடை, விளையாட்டு எல்லாமே உடலியக்கம்தான். வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், 14,227 பேரில் 54.4 விழுக்காட்டினருக்குப் போதிய இயக்கம் இல்லை. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வோர் 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

இருளருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. காட்டிலும் வயல்வரப்பிலும் நாள் முழுக்க நடந்து எலியும் பாம்பும் பிடித்துக் கிழங்கெடுத்த சமூகம் அது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அவர்கள் நம்பியிருந்த பாம்புத்தோல் வணிகம் நின்றது. பலர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போனார்கள். முன்பணம் வாங்கியவருக்கு வேலை நேரமும் சொந்தமில்லை, ஓய்வும் சொந்தமில்லை. ஓய்வுநேர இயக்கம் இதயத்துக்குத் தரும் பலனைக் கடுமையான கூலி உழைப்பு தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இவர்களிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்பது அறியாமை. இன்னொரு தடை அச்சம். திருட்டு வழக்குகளில் இருளரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துச்செல்வதை எதிர்த்துத் திண்டிவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிரபா. கல்விமணி முதலானோர் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் நெடுங்காலமாகப் போராடுகிறது. விடியுமுன் சாலையில் தனியே நடப்பது எல்லாருக்கும் ஒன்றுபோல் எளிதன்று.

சமணருக்கு வழிபாடே துணை. மேல்சித்தாமூர் மடமும், 24 தீர்த்தங்கரர் சிற்பங்கள் கொண்ட திருநாதர்குன்றும் இவ்வட்டாரத்தவை. தனியாக நடைப்பயிற்சிக்குப் புறப்படத் தயங்கும் பெண்ணும் கூட்டத்தோடு குன்றேறுவார்.

முஸ்லிம் பெண்களின் தடைகளைப் புரிந்துகொள்ள வேறோர் ஊரின் ஆய்வு உதவும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வழி நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. வீட்டாரைக் கவனிக்கும் கடமை இருக்கத் தனக்கென நேரம் ஒதுக்குவது தன்னலம் என்ற எண்ணமும், ஊரார் பேச்சும், உடை பற்றிய கூச்சமும் அதில் தடைகளாக வெளிப்பட்டன. செஞ்சி முஸ்லிம் பெண்களுக்கும் இவை புதியவையல்ல.

ஊரை ஒட்டியே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரத்தில் நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி மட்டுமே. ஆயினும் நுழைவுச் சீட்டும் நேரக் கட்டுப்பாடும் உள்ள மலை, அன்றாட நடைக்கு உதவாது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டத்துக்கு ஓர் எட்டுக் கிலோமீட்டர் பாதை தருகிறது. சூளையடியில் குடியிருப்பவருக்கு அது எட்டாத தொலைவு. குடியிருப்பை ஒட்டி விளக்கு எரியும் பாதை, பெண்களுக்குக் குழு நடை, கூலிக்காரருக்கு வார விடுப்பு ஆகிய மூன்றுமே செஞ்சிக்கு முதலில் வேண்டியவை.